கண்ணுக்குத் தெரியாத வாயில்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தார், புதுவீட்டில் பால் காய்ச்சிய கையோடு பார்ப்பது கதவையும் பூட்டையும்தான். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, கொல்லைக் கதவுக்குச் சாவி உண்டா, சன்னற்கம்பி உறுதியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை சோதித்துக்கொள்கிறோம். ஆயினும் இக்காலத்து வீடுகளில் இன்னொரு வாயிலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவிலும் பகலிலும் அடைபடுவதில்லை. குழந்தைகளின் பாடமும், வங்கிக் கணக்கும், ஊரிலுள்ள பெற்றோரின் முகமும் அதன் வழியாகவே வந்துபோகின்றன. இணையம் என்னும் அவ்வாயிலைக் காக்க முற்பட்டு, வீட்டின் ஒரு மூலையில் சிறியதொரு கணினிக்கூடத்தையே நாங்கள் அமைத்துக்கொண்ட வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எங்கள் குடும்பத்தில் எவரும் இத்துறையில் தொழில் செய்பவரல்லர். பொழுதுபோக்காகத் தொடங்கியதே இது.

நாங்கள் குடியிருப்பது வல்லார்பாடத்தில். எறணாகுளத்துக்கும் வைப்பினுக்கும் இடையே காயலில் அமைந்த தீவு இது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரையில் படகுதான் இவ்வூராருக்கு வழி. 2011 பிப்ரவரியில் இங்குச் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, 2002இல், தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் ஒன்று கொச்சியைத் தொட்டுச் செயற்பாட்டுக்கு வந்தது. கப்பலில் வரும் சரக்குக்கும் கடலடியில் வரும் செய்திக்கும் கொச்சி ஒரு துறை என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய இடத்தில் வாழ்ந்தும், செய்தியின் போக்குவரவைப் பற்றி நாங்கள் நெடுநாள் எண்ணியதில்லை. எண்ண வைத்தது ஓர் இழப்பு. தென்காசியில் வாழ்ந்த எங்கள் அப்பா, இரவு எட்டு மணிக்குப் பேரப்பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைத்துக் கதை சொல்லும் வழக்கமுடையவர். மலையாளம் பேசும் பள்ளியிலும் தெருவிலும் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழின் ஓசை காதில் விழவேண்டும் என்பது அவர் கருத்து. சொன்ன கதைகளைத் தம் கைபேசியிலேயே பதிவுசெய்து, ஒரு நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் போட்டு வைத்தார். அவர் மறைந்த பின் அவருடைய எண்ணுக்குப் பணம் கட்டுவாரில்லை. சில மாதங்களில் அது வேறொருவருக்குப் போய்விட்டது. அவருடைய கைபேசியும் பழுதானபோது சேமிப்பைத் திறக்க முயன்றோம். அந்தப் பழைய எண்ணுக்கு அனுப்பப்படும் இரகசிய எண்ணைச் சொன்னாலன்றித் திறவாது என்றது அந்நிறுவனம். இறப்புச் சான்றிதழை அனுப்பினோம்; உறவைக் காட்டும் சான்றுகளை அனுப்பினோம். எந்திரம் எழுதிய ஒரே விடை மீண்டும் மீண்டும் வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட கதைகளில், பேத்தியின் பழைய கைபேசியில் தற்செயலாகத் தங்கியிருந்த பதினொன்று மட்டுமே எங்களுக்கு மிஞ்சின.

வீட்டுப் பத்திரத்தை அடுத்தவர் பெட்டியில் வைத்துச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுவார் உண்டோ? ஆனால் நம் பிள்ளைகளின் முதற்பேச்சையும், மணவிழாப் படங்களையும், மறைந்தவர் குரலையும் அவ்வாறே வைத்திருக்கிறோம். மண்ணையும் உறவையும் விட்டு வந்தவர்க்கு இவை படங்கள் மட்டுமல்ல. இவையே பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் ஊர். ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையில் உழைக்கும் தமிழ்க் குடும்பத்தார், பல தலைமுறை கடந்தும் தம் மொழியை இழக்காமல் வாழ்கின்றனர். எழுத்தாலும் எந்திரத்தாலும் எத்தனையோ வசதி பெற்ற நாம், ஒரே தலைமுறையின் குரலையேனும் காக்க வேண்டாமா என்னும் எண்ணமே எங்களை இப்பணியில் இறக்கியது.

முதலில் காவலைப் பற்றிக் கற்றோம். இத்துறையில் இரண்டு வரலாறுகள் எல்லா வீட்டாரும் அறியத்தக்கவை.

2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் ஒன்று உலகெங்கும் பரவியது. அது தாக்கியது பெரிய கணினிகளையன்று. வீடுகளிலும் கடைகளிலும் மாட்டப்பட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலே மக்கள் அவற்றை மாட்டியிருந்தனர். அப்படிப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களின் பட்டியலே மிராயின் ஆயுதம். உச்சநிலையில் ஏறக்குறைய 6 இலட்சம் கருவிகள் அதன் அடிமைகளாயின. அவற்றுள் ஒரு பகுதியை ஏவி 2016 அக்டோபர் 21 அன்று டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர் உள்ளிட்ட பெருந்தளங்கள் பல மணிநேரம் கிடைக்காமற் போயின. உரிமையாளர்களோ, தங்கள் வீட்டுக் கேமரா அடியாளாகிப் போனதை அறியாமலே இருந்தனர்.

மற்றொன்று எங்கள் அயல்வீடான துறைமுகத் தொழிலைச் சார்ந்தது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை அழித்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் அதனால் முடங்கிற்று. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவவேண்டியிருந்தது என்று அந்நிறுவனத் தலைவரே பின்னர் கூறினார். அனைத்துக்கும் அடிப்படையான பதிவேட்டின் பிரதிகள் யாவும் அழிந்துபோக, கானா நாட்டில் ஒரே ஒரு பிரதி பிழைத்திருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்தடை; ஆகவே அக்கணினி வலையில் இணைந்திருக்கவில்லை! மின்வாரியத்தை வைதே பழகிய நாங்கள் இச்செய்தியைப் படித்துச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் பாடத்தைக் குறித்துக்கொண்டோம். வலையோடு இணையாத ஒரு பிரதி எங்கேனும் இருக்கவேண்டும் என்பதே அப்பாடம்.

இனி, எங்கள் கூடத்தைக் காண்போம். எறணாகுளத்தில் மேனகாவை ஒட்டிய கடைகளில் தேடி, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சிறு கணினி ஒன்றை வாங்கினோம். அகராதிப் புத்தகம் அளவுதான் இருக்கும். சராசரியாக 12 வாட் மின்சாரமே குடிக்கிறது. இரவுபகலாய் ஓடினாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 9 யூனிட். 100 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினியைப் பயன்படுத்தியிருந்தால் 72 யூனிட் ஆகியிருக்கும். 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அதில் நிறுவினோம். இங்கு எங்கள் மகளே ஆசிரியை. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டே கணினி கற்பிக்கின்றனர்; எனவே பெரியவர்கள் மிரண்ட இடங்களில் அவள் மிரளவில்லை.

வாயிற்காவலுக்கு ஓப்பன் டபிள்யூ ஆர்டி என்னும் மென்பொருளை ரவுட்டரில் ஏற்றினோம். அதன் பிறப்பே சுவையானது. லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற ஒரு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்து, உரிமத்தின்படி மூலநிரலை வெளியிட வேண்டும் என்று கேட்டனர். 2003இல் நிரல் வெளிவந்தது. 2004இல் ஆர்வலர்கள் அதனை அடியாகக் கொண்டு இத்திட்டத்தைத் தொடங்கினர். தயாரித்தவர் கைவிட்ட பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்று இதன் மூலம் கிடைக்கின்றன.

நம் பழைய வீடுகளில் திண்ணை, கூடம், அடுக்களை என்று பிரிவு இருந்தது. வழிப்போக்கருக்குத் திண்ணை, உறவினருக்குக் கூடம், அடுக்களைக்குள் வீட்டாரன்றி வேறெவரும் நுழையார். வலையையும் அவ்வாறே நான்காகப் பிரித்தோம். விருந்தினர் கைபேசிக்கு ஒன்று, வேலைக்குரிய கணினிக்கு ஒன்று, தொலைக்காட்சி, மின்விளக்கு, நீர்மோட்டார் ஆகிய கருவிகளுக்கு ஒன்று, குடும்பத்தாருக்கு ஒன்று. ஒரே கம்பியில் பல தனி வலைகளை ஓட்டும் இம்முறைக்கு 1998லேயே உலகப் பொதுவிதி வகுக்கப்பட்டுவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி பிறர் கைக்குப் போனாலும், குடும்பப் படங்கள் இருக்கும் பக்கம் அதனால் எட்டிப்பார்க்க இயலாது. எறும்பு புகுந்தாலும் ஓர் அறையோடு நிற்கும்.

எங்கள் சாளரத்திலிருந்து நோக்கினால் முனையத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நுவார்க் துறையிலிருந்து 58 பெட்டகங்களுடன் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் புறப்பட்டதே இத்தொழிலின் தொடக்கம். உள்ளே எந்தச் சரக்கு இருந்தாலும் பெட்டகத்தின் அளவு ஒன்றே. ஆதலால் எந்தக் கப்பலும் ஏற்றும், எந்தத் தூக்கியும் தூக்கும். 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருளும் இதே கருத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது. எங்கள் சிறு கணினியில் ஒவ்வொரு பணியும் தனித்தனிப் பெட்டகத்தில் இயங்குகிறது. ஒன்று கெட்டால் அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம், மற்றவை அசையா. பெட்டகம் என்றால் என்னவென்று எங்கள் இளைய மகனுக்கு விளக்கச் சாளரத்தைச் சுட்டுவதே போதுமானதாயிற்று.

அப்பெட்டகங்களில் என்னென்ன உள்ளன? நெக்ஸ்ட்கிளவுட் என்னும் மென்பொருள் படங்களையும் ஒலிகளையும் காக்கிறது. அப்பாவின் பதினொரு கதைகளும் அதில்தான் இருக்கின்றன. பை-ஹோல் என்னும் மற்றொன்று, பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் பணியை வீட்டுக்குள்ளேயே செய்து, விளம்பரக்காரரும் வேவுபார்ப்போரும் வைத்திருக்கும் முகவரிகளைச் சொல்ல மறுக்கிறது. மூன்றாவது எங்கள் தமிழ் நூலகம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவையும் விக்சனரியையும் முழுமையாக இறக்கி வைத்திருக்கிறோம். 1998 முதல் தொண்டர்கள் தட்டச்சுச் செய்துவரும் மதுரைத் திட்டத்தின் நூல்களும் உள்ளன. இணையம் அற்றுப்போன நாளிலும் எங்கள் வீட்டில் தமிழ் அற்றுப்போவதில்லை.

தானியங்கி ஏற்பாடுகளுக்கு, 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் கட்டற்ற மென்பொருளை வைத்தோம். எங்கள் தெருவில் குழாய் நீர் நள்ளிரவுக்குப் பின்னரே வரும். முன்பெல்லாம் ஒருவர் விழித்திருந்து மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்துவார். இப்போது நீர் வந்ததை ஓர் உணர்கருவி சொல்ல, மோட்டார் தானே ஓடித் தானே நிற்கிறது. இல்லத்தாரின் உறக்கத்தை மீட்டுத் தந்ததனால், இந்த ஆராய்ச்சிக்கு வீட்டில் எழுந்த எதிர்ப்பெல்லாம் அன்றோடு அடங்கியது.

இவற்றினும் பெரிது தென்காசியில் தனித்து வாழும் அம்மாவைப் பற்றிய கவலை. அவர் கூடத்தில் ஒரு கேமரா வைக்கலாமா என்று கேட்டோம். பிள்ளைகள் ஆச்சியை எந்நேரமும் பார்க்கலாம் என்று நயமாகச் சொன்னோம். அவரோ, "இந்தக் கண்ணு வழியா நீங்க மட்டுந்தான் பாப்பியளா, வேற யாரும் பாப்பாகளா?" என்று கேட்டார். மிராயின் வரலாற்றைப் படித்திருந்த நாங்கள், எவரும் பார்க்கமாட்டார் என்று அவரிடம் எவ்வாறு உறுதி கூற முடியும்? கேமரா எண்ணத்தை விட்டு, அடுக்களைக் கதவில் விரலளவு உணர்கருவி ஒன்றை மட்டும் பொருத்தினோம். கதவு திறந்ததா, இல்லையா என்பதன்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. காலை ஏழரைக்குள் திறவாவிடில் எங்களுக்குச் செய்தி வரும்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை செய்தி வந்தது; தொலைபேசியும் எடுக்கப்படவில்லை. பக்கத்து வீட்டு அக்காளை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னோம். அம்மா விடியுமுன் தலைவாயில் வழியே காசி விசுவநாதர் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து கூட்டத்தைக் கண்டவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்து, "இந்தக் காவல் எனக்கா, எம்மேலயா?" என்று கேட்டார். இத்துறையில் நாங்கள் கேட்ட கேள்விகளுள் இதனினும் கூரியது வேறில்லை. அடுத்த பயணத்தில் அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொத்தான் வைத்தோம். வெளியே போகும்போது அவர் அழுத்துவார். ஏற்பாடு முழுவதும் அன்றைக்கு உறங்கும். எப்போது காவல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் இப்போது அவரே.

தென்காசிக்கும் வல்லார்பாடத்துக்கும் இடையே ஒயர்கார்டு என்னும் மறைகுறி வழி ஒன்றை அமைத்திருக்கிறோம். 4,000 வரிக்குட்பட்ட நிரலால் ஆனது அது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்டது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுத் தரும் நிறுவனங்களே மிகுதியாதலால், வெளியிலிருந்து வீட்டை நேரே அழைப்பது பல இணைப்புகளில் இயலாது. இடையில் ஒரு சிறு வாடகைச் சர்வரை வைத்து அதனைச் சரிசெய்தோம். அது கடிதத்தைக் கைமாற்றும். பிரித்துப் படிக்க அதற்கு இயலாது.

காப்புப்பிரதிக்கு ஓர் எளிய விதி வழங்குகிறது: பிரதிகள் மூன்று, ஊடகங்கள் இரண்டு, அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். எங்கள் முதல் பிரதி சிறு கணினியில், இரண்டாவது, மாதம் ஒருமுறை மட்டும் இணைத்து மீண்டும் அலமாரியில் பூட்டிவைக்கும் வன்தட்டில், மூன்றாவது தென்காசியில். அம்முதல் மூட்டையை இணையத்தில் அனுப்பினால் வாரங்கள் ஆகும் என்பதால், வன்தட்டைத் துணியிற் சுற்றிப் பாலருவி எக்ஸ்பிரஸில் கொண்டுபோய் வைத்தோம். பின்னர்ச் சேர்வன மட்டும் இரவுதோறும் தாமே போய்ச் சேர்கின்றன. காயல்நாட்டில் துலாமாதத்து இடி பொல்லாதது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் மின்கம்பி வழியே இடி வரும். எனவே பிரதி வெளியூரில் இருப்பது எங்களுக்கு ஆடம்பரமன்று.

நிறுவும் படிகள் அனைத்தையும் 2012இல் வெளிவந்த ஆன்சிபிள் என்னும் கருவிக்குரிய ஏடாக எழுதிவைத்திருக்கிறோம். கணினி எரிந்துபோனாலும் புதிது வாங்கி அவ்வேட்டைக் கொடுத்தால் அதுவே எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளும். ஆனால் எங்களில் ஒருவர், வீட்டு வரவுசெலவைப் பார்ப்பவர், வேறொன்று கேட்டார்: "இதை அறிந்தவர் நாளைக்கு இல்லையென்றால், அப்பாவின் பெட்டி பூட்டிக்கொண்டது போல இதுவும் பூட்டிக்கொள்ளாதா?" அதன் விளைவாக, தமிழில் கையால் எழுதிய ஒரு குறிப்பேடு பீரோவில் இருக்கிறது. எது எங்கே, சாவி எது, அறவே வேண்டாமென்றால் எவ்வாறு நிறுத்திச் சாதாரண இணைப்புக்கு மீள்வது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, அமைத்தவர் கை கட்டி நிற்க, மற்றவர்கள் அவ்வேட்டைப் பார்த்து ஒரு கதையை மீட்டெடுத்துக் காட்டவேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணமூட்டை போன்றதே.

பெரிய நிறுவனங்களில் ஆயிரம் காவலர் உண்டே, உங்கள் மூலைக்கணினிக்கு யார் காவல் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகையால்தான் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவர நாங்கள் முனையவில்லை. மின்னஞ்சலை அத்தொழில் வல்லாரிடமே விட்டிருக்கிறோம். வெளியுலகுக்கு எந்த வாயிலையும் திறந்து வைக்காமல் மறைவழி ஒன்றையே பயன்படுத்துகிறோம். மாதத்தில் சில மணிநேரம் இதற்குச் செலவாகும். அந்நேரம் இல்லாதவர் இதில் இறங்குதல் நன்றன்று.

ஆயினும் பொருட்செலவின்றி எல்லாக் குடும்பமும் செய்யத்தக்கன சில உள்ளன. ரவுட்டரிலும் கேமராவிலும் தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். விருந்தினர்க்குரிய தனி வைஃபை பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. தொலைக்காட்சியையும் கேமராவையும் அதில் இணையுங்கள். திருத்தங்கள் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். படங்களின் ஒரு பிரதியை வன்தட்டில் எடுத்து ஊரில் வையுங்கள். தமக்குப் பின் கணக்கைத் திறக்க உரியவர் யார் என்று குறித்துவைக்கும் வசதியைக் கூகுள் 2013லும் ஆப்பிள் 2021லும் ஏற்படுத்தின. ஊரிலுள்ள பெற்றோரின் கைபேசியில் அதனை அவர்கள் இசைவோடு செய்து கொடுங்கள். அவர்களுடைய எண் அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பெரியவர் அருகே அமர்ந்து ஒரு கதையேனும் பதிவுசெய்து வாருங்கள். காக்கும் கலையைப் பின்னரும் கற்கலாம். பல பேர் சேர்ந்தும் கற்கலாம். சொல்லும் குரல் மட்டும் பின்னர் வருவதன்று.